ஐந்தாம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன்

பிப்ரவரி 9

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 4, 5. பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர் பாதத்தில் வைக்கிறார். அனனியாவும் அப்படியே வைக்கிறான், கொஞ்சத்தை ஒளித்துவிட்டு. மீதியை வைத்துக்கொண்டது குற்றமே இல்லை. விற்குமுன் நிலம் உன்னுடையது, விற்றபின் பணமும் உன் கையில்தானே இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். ‘இது ஒரு பகுதிதான்’ என்று வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும். பர்னபாவைப் போலப் பேர் வாங்க ஆசை, அவரைப் போலக் கொடுக்க மனமில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

பேதுரு பேசியதைக் கேட்டதும் அனனியா விழுந்து சாகிறான். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து அவன் மனைவி சப்பீராள் வருகிறாள். புருஷன் செத்தது தெரியாது. “நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்?” என்று பேதுரு கேட்கிறார். உண்மையைச் சொல்ல அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. “ஆம், இவ்வளவுக்குத்தான்.” பணத்தை எந்தப் பாதத்தில் வைத்தார்களோ, அங்கேயே விழுகிறாள். இன்று இதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

பிப்ரவரி 10

அதே அதிகாரத்தின் முடிவு. இயேசுவைப் பற்றிப் போதித்ததற்காக அப்போஸ்தலரைக் கொல்ல யூத ஆலோசனைச் சங்கம் யோசிக்கிறது. அந்தச் சங்கத்தில் இருந்த கமாலியேல் பேசியதால் அவர்களின் உயிர் தப்புகிறது, ஆனாலும் அடித்துத்தான் விடுகிறார்கள். அவர்களோ இயேசுவின் நாமத்துக்காக அவமானப்படும் பாக்கியம் கிடைத்ததே என்று சந்தோஷமாய்ப் போகிறார்கள்.

அதிகாரமாகப் பிரித்தது பிற்காலத்தவர்கள்தான். இருந்தாலும் லூக்கா இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறார். நாம் ஒன்றைக் காணிக்கைப் பிரசங்கத்துக்கும் மற்றதைப் பாடுகளைப் பற்றிய பிரசங்கத்துக்கும் எடுத்துக்கொள்கிறோம். வேர் ஒன்றுதான். மனுஷர் முன்னால் பேர் கெடக்கூடாது என்று தவிக்கிறவன் காணிக்கையிலும் பொய் சொல்வான், சாட்டையைப் பார்த்ததும் மறுதலிப்பான்.

பிப்ரவரி 12

2 கொரிந்தியர் 8. மக்கெதோனியா சபைகளுக்கு உபத்திரவமும் உண்டு, கொடிய தரித்திரமும் உண்டு. அவர்களிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. அவர்களோ, எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் சேர்த்த காணிக்கைக்கு எங்களிடமும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரைக் கெஞ்சுகிறார்கள்.

எங்கள் சபையில் ஒரு அக்கா. ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து பிறந்த வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை. போன வாரம் காணிக்கைக் கவரை என் கையில் கொடுத்து, “இந்த மாசம் இவ்வளவுதான் முடிஞ்சது தம்பி” என்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. சப்பீராளிடம் பேதுரு எதிர்பார்த்தது இவ்வளவுதானே!

அப்புறம், அந்தப் பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனும் கூடவே போகிறார். கணக்குக் கேட்டாலே விசுவாசக் குறைவு என்று கோபப்படுகிறவர்கள் 20, 21ஆம் வசனங்களை நின்று வாசிக்க வேண்டும்.

பிப்ரவரி 13

நடபடிகள் 6, 7. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசினவர்களின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அதைச் சரிசெய்ய நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். முதல் பெயர் ஸ்தேவான். கல்லெறியப்பட்டு முதலில் இரத்தசாட்சியாக மரித்தவரும் அவரே. அவர் மரணத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. எந்த விதவையும் விடுபடாமல் பங்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் வேலையில் இருந்த ஸ்தேவானைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நாளை எட்டாம் அதிகாரம். அந்த ஏழு பேரில் இன்னொருவரான பிலிப்பு சமாரியாவுக்குப் போகிறார். அங்கே மாயவித்தைக்காரன் சீமோன், தேவனுடைய வரத்தை விலைக்கு வாங்கப் பணத்தை நீட்டிக்கொண்டு வருவான்.