அந்தப் பழமொழிய மட்டும் நான் சொல்லல

தபாத்தேரோ, ஆ துஸ் தபாத்தோஸ். ஸ்பெயின்ல ஷூ தயாரிக்கிற ஊரான எல்டாலேருந்து எங்க ஷூ ஃபேக்டரிக்கு வந்த டெக்னீஷியன் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார், கோவமெல்லாம் இல்ல. அப்படியே தமிழ்ல போட்டா "செருப்பு தைக்கிறவனே, நீ உன் செருப்ப பாரு"ன்னு வரும். எதிர்ல எங்க ஃபேக்டரி மாஸ்டர், நான் தமிழ்ல மாத்தி சொல்றதுக்காக என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறார். நான் சொன்னது, "டிசைன் அவங்க ஆபீஸ்லயே முடிவாயிடுச்சாம் மாஸ்டர், நாம ஃபிட்டிங் மட்டும் பாத்தா போதுமாம்." விஷயம் அதேதான, அப்பறம் எதுக்கு இது இன்னும் உறுத்துது.

மாஸ்டர் மொதல்ல சொன்னது ஷூ இன்ஸ்டெப்ல, அதாவது பாதத்தோட மேல்பக்கத்துல, புடிக்குதுன்னு. அத நான் எம்பெய்னேன்னு ஸ்பானிஷ்ல சொன்னதுமே டெக்னீஷியன் ஓர்மாவ, அதாவது ஷூ தைக்கிறதுக்கு வச்சிருக்கற கால் வடிவ அச்ச, நம்ம லாஸ்ட்ட, கையில எடுத்து பென்சில்ல ஒரு கோடு போட்டு, சரி இங்க ஏத்திக்கலாம்னு ஒத்துக்கிட்டார். அந்த தைரியத்துல மாஸ்டர் பக்கிளும் ரொம்ப முன்னாடி இருக்கு, பாக்க நல்லால்லன்னுட்டார். அதுக்கு வந்த பதில்தான் மேல சொன்னது.

இதுல வேடிக்கை என்னன்னா இந்த பழமொழி பொறந்த கதையே இதான். அப்பெல்லெஸ்னு ஒரு கிரேக்க ஓவியர், அவர் படத்துல செருப்பு சரியில்லன்னு செருப்பு தைக்கிறவர் ஒருத்தர் சொன்னதும் திருத்திட்டாராம், மறுநாள் அதே ஆள் கால் வரைஞ்சதுலயும் குறை சொன்னதும் நீ செருப்போட நிறுத்திக்கன்னுட்டாராம், ப்ளினிங்கற பழைய ரோமானிய எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். இங்கிலீஷ்ல இது "கப்ளர், ஸ்டிக் டு யுவர் லாஸ்ட்". லாஸ்ட்டோட நிறுத்திக்கச் சொல்றார் மாஸ்டர்னு சொல்லியிருந்தா நாள் பூரா அந்த வார்த்தையில பொழங்குற மனுஷன் அவர், வலிச்சிருக்காது. அந்த நேரத்துல அது தோணல.

ஸ்பெயின்ல தபாத்தேரோங்கறது பிரதமரோட பேர்லயே இருந்துச்சு, 2004லேருந்து 2011 வரைக்கும். அங்க சந்தோஷமா இருக்கறவன புது ஷூ போட்ட சின்னப்புள்ள மாதிரின்னுவாங்க. நாம கால் தூசிக்கு பெறமாட்டன்னு சொல்ற எடத்துல அவங்க ஷூவோட அடி சோல் உயரத்துக்குக்கூட வரமாட்டன்னுவாங்க. நம்ம ஊர்ல செருப்புன்னா அடிக்கறது, மாலை போடறது. அத தைக்கிறவங்கள என்ன பேர் சொல்லி கூப்பிட்டாங்கன்னு ஆம்பூர்ல வேலை பாக்குற யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. அதனாலதான் மாத்தினேன், அதுல எனக்கு சந்தேகமே இல்லன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். ஆனா கூசுனது மாஸ்டருக்கா எனக்கா? அவர் காதுக்கே அது போகலயே.

இத்தனைக்கும் அன்னிக்கு மத்தியானம் பிரியாணி சாப்ட்டு முடிச்சிட்டு அதே டெக்னீஷியன் "நோஸ் எமோஸ் புவெஸ்தோ லாஸ் போத்தாஸ்"னார். பூட்ஸ் மாட்டிக்கிட்டோம்னு சொல்றார், அப்படின்னா மூக்கு முட்ட சாப்ட்டோம்னு அர்த்தம்னு வரிக்கு வரி எடுத்து சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. மாஸ்டர்தான் கேட்டார், "காலைல தபாத்தோ தபாத்தோன்னாரே, அது என்ன தம்பி?"

"ஷூ மாஸ்டர்."

"அது தெரியும். ரெண்டு தடவ சொன்னாரே, அதான் கேட்டேன்."

பொய் சொல்லலயே நான், ஷூதான அது. அவரும் அதுக்கு மேல கேக்கல, பாயசத்த என் பக்கம் தள்ளி விட்டார்.

பக்கிள் மாறல, இருந்த எடத்துலயேதான் ஆர்டர் போச்சு. உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா மாஸ்டர் சும்மா விட்டிருக்க மாட்டார், நறுக்குன்னு ஏதாவது திருப்பி குடுத்திருப்பார். அத நான் ஸ்பானிஷ்ல எப்படி சொல்லியிருப்பேன்னு யோசிச்சு பாத்தா, அதையும் பக்குவமா மாத்திதான் சொல்லியிருப்பேன் போல.