ஸ்பிளிட்டர் டப்பாவுக்குள் இருந்த காயில்

வீட்டுக்கு ஃபைபர் வந்து நாளாகிவிட்டது. ஆனாலும் அப்பாவின் மேசை டிராயரில், போன் லைனில் குரலையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் பழைய பிராட்பேண்ட் ஸ்பிளிட்டர்கள் மூன்று கிடந்தன. தூக்கிப்போட மனம் வரவில்லை. விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியதும் டப்பா திறந்துகொண்டது.

உள்ளே ஃபெரைட் காயில்களும் (காந்தப்பொருள் கோரில் சுற்றிய கம்பிச்சுருள்கள்) சில கெப்பாசிட்டர்களும் இருந்தன. பேச்சு 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஏடிஎஸ்எல் (போன் லைன் வழி பிராட்பேண்ட்) டேட்டா 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும். அந்த டேட்டாவைத் தடுத்து, குரலை மட்டும் போனுக்கு விடுவதுதான் இவற்றின் வேலை. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும் என்பதால் கெப்பாசிட்டர்களும் நல்ல வோல்டேஜ் தாங்குபவை. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது பெரிய காயில்தான். ஒரே கோரில் தனித்தனியாக இரண்டு கம்பிச்சுற்று, நான்கு கால். ஓய்ந்த பேட்டரியின் குறைந்த வோல்டேஜை ஏற்றி எல்இடியை எரியவைக்கும் ஜூல் தீஃப் என்ற சின்ன சர்க்யூட் செய்ய இதைவிட என்ன வேண்டும்! எந்த இரண்டு கால்கள் ஒரு சுற்று என்று மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒன்றின் முடிவையும் மற்றதன் தொடக்கத்தையும் சேர்த்து பேட்டரி பிளஸுக்குக் கொடுத்தேன். மிச்சம் இரண்டில் ஒன்று 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு, இன்னொன்று கலெக்டர் காலுக்கு. மூன்றாவது காலான எமிட்டர் பேட்டரி மைனஸுக்கு. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே வெள்ளை எல்இடி.

முதலில் எரியவில்லை. எது தொடக்கம், எது முடிவு என்று மல்டிமீட்டர் காட்டாதே; சரி, ஒரு சுற்றின் இரு கால்களை மட்டும் மாற்றிப் பற்றவைத்தேன்.

சுவர்க் கடிகாரம் கைவிட்ட பேட்டரி அது, 1.1 வோல்ட்தான் காட்டியது. வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும். ஆனாலும் எரிந்தது. வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான், இப்போது பூஜையறை அலமாரிக்குள் இருக்கிறது.