என் பாக்ஸுக்கு ரூல் இருக்கு

பிங் போகுது, பேஜ் மட்டும் ஓபன் ஆகலன்னு டிக்கெட் வந்தப்பவே இது ரிட்டர்ன் பாத் (பதில் திரும்பிப் போற வழி) கேஸாத்தான் இருக்கும்னு தோணிடுச்சு. ரெண்டு லிங்க், லிங்குக்கு ஒரு ஃபயர்வால், கனெக்ஷன் கேக்குற முதல் பாக்கெட்டான சின் ஒண்ணு வழியா உள்ள வருது, அதுக்கு பதிலான சின்-ஆக் இன்னொண்ணு வழியா வெளிய போகப் பாக்குது, அந்த ஃபயர்வால் இந்த கனெக்ஷன் ஆரம்பிச்சதையே பாக்கல, ஸ்டேட் செக்ல (தனக்குத் தெரிஞ்ச கனெக்ஷனான்னு பாக்குறது) தூக்கிப் போட்டுடுது. ரெண்டு பக்கமும் பாக்கெட் கேப்சர் எடுத்தாச்சு, அதுல சண்டையே இல்ல.

அப்புறம் நடந்த பேச்சுதான் இன்னும் மண்டைல ஓடுது. ஃபயர்வால் டீம் சீனியர்கிட்ட "ஸ்டேட் செக்க பைபாஸ் பண்ணிடுங்க சார், இன்டர்நெட்ல போற வழியும் வர்ற வழியும் ஒண்ணா இருக்கணும்னு எந்த ரூலும் இல்ல"ன்னேன். அவர் நிமிர்ந்துகூட பாக்காம "இன்டர்நெட்டுக்கு இல்லப்பா, என் பாக்ஸுக்கு இருக்கு"ன்னார். பாக்ஸ்னா அவரோட ஃபயர்வால்.

நான் சொன்னது சரிதானே? ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் ட்ராஃபிக்க எங்க சீக்கிரம் கைமாத்த முடியுமோ அங்க தள்ளி விடுது, அடுத்தவன் அவன் வசதிக்கு திருப்பி அனுப்புறான், ரெண்டும் ஒத்துப் போனாத்தான் ஆச்சரியம். ஆனா ஸ்டேட் செக் இல்லாத ஃபயர்வால் வெறும் ஏசிஎல் (முகவரி, போர்ட் பாத்து விடுற லிஸ்ட்) தான், அத இறக்கச் சொல்ல நான் யாருன்னும் தோணுது.

கடைசில நாந்தான் இறங்கினேன். வெளிய போறதுக்கு பிஜிபில (நெட்வொர்க்குகள் ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கிற ப்ரோட்டோகால்) லோக்கல் ப்ரிஃபரன்ஸ, அதாவது எந்த வழி வேணும்னு நாமளே போடுற மார்க்க, ஏத்தி முதல் லிங்க்லயே அனுப்பியாச்சு, அது நம்ம கைல இருக்கு. உள்ள வர்றதுதான் தலைவலி, ரெண்டாவது லிங்க்ல ஏஎஸ் பாத் ப்ரீபெண்ட் (நம்ம நெட்வொர்க் நம்பரயே திரும்பத் திரும்பச் சேத்து பாத்த நீளமாக் காட்டுறது) எவ்ளோ போட்டாலும் அந்த ப்ரொவைடர் தன் கஸ்டமர் ரூட்டுக்குத்தான் லோக்கல் ப்ரிஃபரன்ஸ் அதிகமா வெச்சிருப்பான், பிஜிபி பாத் நீளத்த பாக்குறதே அதுக்கப்புறம்தான். அதனால நம்ம முகவரி பிளாக் /23-அ ரெண்டு சின்ன /24-ஆ பிரிச்சு முதல் லிங்க்ல விட்டு, ரெண்டாவதுல முழு /23 மட்டும். சின்ன பிளாக்குக்கு வழி இருந்தா ரூட்டர் அதத்தான் எடுக்கும், எல்லாம் ஒரே வழில வந்துச்சு. கூடவே உலக ரூட்டிங் டேபிள்ல தேவையில்லாம ரெண்டு என்ட்ரி, அது என்னால. காசு கட்டுற ரெண்டாவது லிங்க் சும்மா கிடக்குது.

லாபமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ட்ரேஸ்ரூட் போற வழிய மட்டும்தான் காட்டும், இப்ப வர்ற வழியையும் ஓரளவுக்கு ஊகிக்க முடியுது. கடிகாரத்த சரி பண்ற என்டிபி ரெண்டு பக்க டிலேவும் சமம்னு நம்பித்தான் கணக்கு போடும், போக 10 மில்லிசெகண்ட், வர 30 ஆச்சுன்னா கடிகாரம் 10 தப்பும். இதெல்லாம் அன்னைக்கு நான் யோசிச்ச காரணமான்னு கேட்டா இல்ல, பின்னாடி தேடிச் சேத்தது.

ரெண்டு ஃபயர்வாலும் செஷன் டேபிள (தெரிஞ்ச கனெக்ஷன் லிஸ்ட்) ஷேர் பண்ணிருக்கலாமேன்னு கேப்பாங்க. பண்ணலாம்தான், ஆனா ரெண்டும் வேற வேற பில்டிங், செஷன் சிங்க் ஆகுறதுக்குள்ள சின்-ஆக் வந்து நின்னா திரும்ப அதே கதை. டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு அவர்கிட்ட கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரோ என்னவோ, நானும் கேக்கல, அவரும் அந்தப் பேச்ச எடுக்கல.