அளவீட்டுப் புத்தகம் கைக்கு வரும்வரை

மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் எங்கள் ஊர் உள்வீதிக்குக் கொங்கிறீட் போட்டார்கள். முதல் மாரியிலேயே விளிம்பு உடைந்துவிட்டது. எந்தக் கனத்துக்குக் காசு கொடுத்தார்கள் என்று பார்க்க, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். விண்ணப்பம் எழுதுவது லேசு, அதற்குக் கட்டணமும் இல்லை. அதற்குப் பிறகுதான் இழுபறி.

முதலில் அந்த வேலையின் கோவை எந்தக் கந்தோரில் இருக்கிறது என்று பிடியுங்கள். உள்வீதி என்றாலே பிரதேச சபைக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். வேலையைச் செய்வித்தது பிரதேச செயலகமாகவும் இருக்கலாம். வேலைத்தலப் பெயர்ப்பலகையில் நிதி எங்கிருந்து, செய்விப்பது யார் என்று போட்டிருக்கும். பலகையைக் கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள்.

கடிதத்தை வாங்கிய எழுதுவினைஞர் "எதுக்கு உங்களுக்கு இது?" என்று கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கிடைத்ததற்கான எழுத்தும் உடனே தரவேண்டும், தரவில்லை. பிறகு போய்க் கேட்டால் "அப்படி ஒரு கடிதம் வரவேயில்லையே" என்கிறார்கள். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் தர 14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா சேராது.

எங்களுக்கு வந்தது வெறும் மதிப்பீட்டுப் பிரதி. அது என்ன செய்யப்போகிறோம் என்ற கணக்கு; காசு போவது அளவீட்டுப் புத்தகத்தை வைத்து. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நீளம், அகலம், கனம் அளந்து அதில் எழுதினால்தான் பில் எழும்பும். ஆகவே மதிப்பீடு, ஒப்பந்தம், அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள், இறுதிப் பில், வவுச்சர் என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். "ஏன் உடைந்தது" என்று கேட்டால் "அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

அரைகுறைப் பதிலுக்கும் மேன்முறையீடு உண்டு. 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதவேண்டும். அவர் பெயரை அறிவித்தல் பலகையில் போட்டிருக்கவேண்டும். மூன்று கிழமைக்குள் அவர் முடிவு சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை; மேன்முறையீடு போனதும் பக்கங்கள் வந்தன.

கனம் என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை 0.10 மீற்றர். உடைந்த விளிம்பில் நாடாவைப் பிடித்தால் 7 சென்ரிமீற்றரைத் தாண்டவில்லை. ஆனால் விளிம்பு அளவு மட்டும் சாட்சியாகாது, நடுவில் துளைத்து எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேட்கவேண்டும்.

ஒப்பந்தக்காரர் செய்த வேலை என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது, பில்லில் கழித்துத் தடுத்துவைத்த பணம் அவருக்கு விடுவிக்கப்பட்டதா? காலம் முடியுமுன் முறைப்பாடு போனால் அவர் தன் செலவில் திருத்தவேண்டும். எங்கள் வீதிக்கு அந்தப் பணம் இன்னும் கந்தோரில்தான் இருக்கிறது. அளவீட்டுப் பக்கத்தின் பிரதியை இணைத்து, பணத்தை விடவேண்டாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறோம், இந்தமுறை கிடைத்ததற்கு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு.