குமரியில் கூட்டுக் குடியிருப்பு தேடி: வழி, செலவு, கொஞ்சம் எரிச்சல்

வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வரிசை நாகர்கோவிலிலேயே கலைந்துவிட்டது. சுவாமித்தோப்புக்கு ஆட்டோக்காரர் ஐந்நூறு ரூபாய் கேட்டார். "சாரே, திரும்பி வரும்போது காலியாகத்தானே வரவேண்டும்" என்று அதற்கொரு நியாயம் வேறு. டவுன் பஸ் இருக்கும் ஊரில் இது பகல் கொள்ளை. பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

ஓய்வுக்காலத்தில் ஒரே வளாகத்தில் வாழலாம் என்று நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீடு தனித்தனி, அடுக்களை, கிணறு, தோட்டம் பொது. டென்மார்க்கின் சேட்டடாமன் என்ற கூட்டுக் குடியிருப்பில் 1972-இல் 27 வீடுகளோடு இப்படித்தான் தொடங்கினார்கள். எல்லா வீட்டிலும் தனி அடுப்பு உண்டு. ஆனால் நடுவில் இருக்கும் பொதுவீட்டில் முறைவைத்துச் சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் "இயற்கைச் சமூகக் குடியிருப்பு" என்ற விளம்பரத்தை நம்பித்தான், சுவாமித்தோப்புக்கு முன்பே, முதலில் போயிருந்தேன். காற்றாலைகள் சுழலும் அருமையான இடம். அதற்குள் செய்துவைத்திருப்பதோ வெறும் மனைப்பிரிவு. தென்னைகளை வெட்டிவிட்டு, பூந்தொட்டியில் இரண்டு துளசி வைத்திருக்கிறார்கள். மனைக்கு மனை தனி மதில், தனி ஆழ்துளைக் கிணறு. பொது அடுக்களை எங்கே என்று கேட்டேன். "கிளப் ஹவுஸ் வரும் சார், இரண்டாம் கட்டத்தில்" என்றார் விற்பனைக்காரர். சென்டுக்கு அவர் சொன்ன விலையில் ஊரில் என் பாதி வீட்டைக் கட்டி முடித்துவிடலாம்.

கிணற்றைப் பொதுவாக்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தாழ்த்தப்பட்டவர்கள் பொதுக்கிணற்றை நெருங்க முடியாதிருந்த திருவிதாங்கூர் காலத்தில், எல்லாச் சாதியாருக்கும் ஒரே கிணறு என்று வெட்டச் செய்தவர் சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் (1809–1851). அதுதான் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த சுவாமித்தோப்பின் முத்திரிக் கிணறு. அவர் நடத்திய துவையல் பந்தி என்ற கூட்டுத் தவ வாழ்க்கை இன்னும் வியப்பானது. எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியில் கடலோரத்தில் கூடி வாழ்ந்ததாக அவரைப் பின்பற்றும் அய்யாவழி மரபு சொல்கிறது. நாளுக்கு மூன்று முறை குளியல், துணி துவைத்தல், பச்சரிசியும் பயறும் சேர்த்துப் பொங்கிய ஒருவேளை உணவு. எங்கள் கூட்டத்தில் ஒருவரும் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள், நான் உட்பட. ஆனால் அத்தனை குடும்பங்கள் கூடி வாழ்ந்தார்கள் என்பதுதான் விஷயம். சேட்டடாமனுக்கு நூற்றுமுப்பது ஆண்டு முந்தைய அனுபவமல்லவா, ஏறத்தாழ!

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம். பஸ் நிறுத்தம் ஓரமாக ஒரு சின்னக் கடை. வேகவைத்த மரச்சீனிக் கிழங்கின் மேல் தேங்காய் அரைத்த நெத்திலிக் குழம்பு. கிழங்கு மாவாய் உடைந்து குழம்பை உறிஞ்சிக்கொண்டது. "மக்களே, கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்கார அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆட்டோவில் மிச்சம் பிடித்த பணத்தில் இப்படி நாலு வேளை சாப்பிடலாம்.

மறுநாள் கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்தினர் உருவாக்கிய சக்தி சுரபி சாண எரிவாயுக் கலனைப் பார்த்தேன். பெயரில்தான் சாணம், தொடங்கி வைக்க மட்டும் அது தேவை. பிறகு அடுக்களைக் கழிவு போதும்: வடித்த கஞ்சி, கெட்டுப்போன சோறு, காய்கறித் தோல். வாயு சேரச் சேர மிதக்கும் தொட்டி மெல்ல உயர்கிறது, அடுப்பெரித்தால் தாழ்கிறது. வெளியே வழியும் கூழ் வாழைக்கு உரம். சில குடும்பங்களின் மிச்சம் சேர்ந்தால்தான் கலனுக்குத் தினமும் தீனி கிடைக்கும். தனித்தனி வீட்டில் வைத்தால் பாதி நாள் பட்டினி கிடக்கும் என்பது என் கணிப்பு. பொது அடுக்களைக்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

ஆரல்வாய்மொழி விற்பனைக்காரர் இன்று காலையும் அழைத்தார். முன்பணம் கட்டினால் விலையில் சலுகையாம். அவர் எண்ணைத் தடுத்துவைத்துவிட்டேன்.