அந்த ஐந்து ஸ்வரங்கள்

"பாட்டுல என் பேர் வராதா?" என்றுதான் பியானோ வாசித்தவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. ரெக்கார்டிங் முடிந்து, பியானோ மூடியை இறக்கிக்கொண்டே கேட்டார். "எழுதினது நான்தானே? நீங்க வாசிச்சதுக்குப் பணம் கொடுத்துட்டேனே" என்றேன். "சரி" என்றார்.

அந்தச் 'சரி' இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வரிகள் என்னுடையவை, மெட்டும் என்னுடையது. கார்டுகள், அதாவது மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், யாருக்கும் சொந்தமில்லை; நான் பாடும் ப்ளூஸ் இசையின் 12 பார் (தாளச் சுற்று) அமைப்பு எல்லாருக்கும் பொது. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945-இல் 'செரோக்கீ' என்ற பழைய பாட்டின் கார்டுகள் மேல்தான் தன் 'கோ கோ'வைக் கட்டினார். பாட்டை வெளியிட லேபிள் (இசை நிறுவனம்), மேனேஜர் எதுவும் இல்லாத எனக்கு ஸ்டுடியோ வாடகை, மிக்சிங் எல்லாம் கைக்காசு. பாட்டு பழசான பிறகும் வரக்கூடியது, எழுதியவருக்குக் கிடைக்கும் ராயல்டி ஒன்றுதான்.

ஆனால் அவர் வெறும் கார்டு வாசிக்கவில்லை. ப்ளூஸில் ஒரு வரிக்கு 4 பார். பாடுவது பெரும்பாலும் பாதியிலேயே முடிந்துவிடும். மிச்ச இடத்தில் கருவி பதில் சொல்லும். முதல் ஒத்திகையில் அந்த இடத்தில் அவர் ஐந்து ஸ்வரங்களை வைத்தார். மேலிருந்து இறங்கி வந்து, மைனர் தேர்ட், மேஜர் தேர்ட் என்ற பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை (சிறிய, பெரிய காந்தாரம்) ஒட்டி அழுத்தி, கீழே வந்து நின்றார். பாடுவதை நிறுத்திவிட்டு "அதையே வைங்க" என்றது நான்தான். அதற்கு இடம் போதவில்லை என்று என் இரண்டாம் வரியில் ஒரு சொல்லை வெட்டியதும் நான்தான். அப்புறம் பாட்டைப் பதியும் படிவத்தில் எழுதியவர் பங்கை 100 சதவீதம் என் பெயரில் போட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்புகிறவர்கள் முணுமுணுப்பது என் வரியை அல்ல, அந்த ஐந்து ஸ்வரங்களை.

அமெரிக்க ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1923-இல் பாடிய முதல் இசைத்தட்டு அமோகமாக விற்றது. அவருக்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்ற ஒருமுறைக் கூலி, ராயல்டி கிடையாது. இதை மேடையில் எத்தனையோ முறை ஆற்றாமையோடு சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் என் பியானோக்காரர் எனக்குப் பின்னால் பியானோவில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டும் ஒன்றல்ல என்று இப்போதும் வாதாடுவேன். பியானோக்காரருக்குப் பங்கு கொடுத்தால் பாஸ் (கீழ்ஸ்வரக் கருவி) வாசித்தவருக்கு என்ன பதில் சொல்வது?

இருவரும் ஒப்புக்கொண்டால் பங்கைத் திருத்திப் பதியலாம். போன வாரம் படிவத்தை எடுத்தேன். 10 என்று எழுதினேன். அதுவும் கூலி மாதிரியே இருந்தது. 50 என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். அவருக்கு இன்னும் போன் செய்யவில்லை.