பாலோ ஆல்டோவில் ஒரு பழைய கொட்டகை

கலிபோர்னியாவின் சன்னிவேலுக்கு, கணவரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் குடிவரும் மனைவிகளுக்கு முதல் வருடத்தில் கிடைக்கும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றுதான். நூலக அட்டை வாங்கு, ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வியின் கையேட்டைப் படி, எந்தக் கடையில் எந்தக் கிழமை கறிவேப்பிலை புதிதாக வரும் என்று கேட்டுவை. பாலோ ஆல்டோவில் ஒரு பழைய சினிமா கொட்டகை இருக்கிறது, அங்கே போய் உட்கார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஸ்டான்ஃபோர்ட் தியேட்டர் 1925இல் திறந்தது. யுனிவர்சிட்டி அவென்யூவில், கால்ட்ரெயின் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அதுவே பெரிய சிறப்பு. 1987இல் பேக்கர்ட் அறக்கட்டளை இதை வாங்கிப் பழைய கோலத்துக்கே திருப்பியது (ஹியூலெட்-பேக்கர்ட் கம்பெனியின் அதே பேக்கர்ட் குடும்பம்தான்). புதுப் படம் எதுவும் இங்கே வராது. பழைய படங்கள் மட்டும், அதிலும் ஹாலிவுட் படங்களே அதிகம், பெரும்பாலும் ஒரே மாலையில் இரண்டு. நடுவே ஒருவர் வுர்லிட்சர் ஆர்கன் வாசிப்பார். அரங்கம் முழுக்க நரைத்த தலைகள். அந்தக் கால நடிகை பார்பரா ஸ்டான்விக் பெயர் திரையில் வந்ததும் கைதட்டினார்கள். விசில்தான் இல்லை.

"கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கவாடி அமெரிக்கா போனே?" என்றாள் அம்மா. அப்புறம் அவளே 'அந்த நாள்' பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வீணை எஸ். பாலசந்தர் 1954இல் பாட்டே இல்லாமல் எடுத்த படம், சிவாஜி முதலிலேயே சுட்டுக் கொல்லப்படுவார், யார் சுட்டது என்பதுதான் கதை. அதைப் பார்த்தவர்களுக்கு ஃபிலிம் நுவார் என்ற இருண்ட குற்றப்பட வகை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி நிழல் முகத்தில் விழும், எல்லாரும் எதையோ மறைப்பார்கள், பணமோ ஆசையோ ஒரு நல்லவனைச் சறுக்கவைக்கும்.

நான் அங்கே பார்த்த முதல் நுவார் 'டபுள் இன்டெம்னிட்டி', 1944இல் வந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து அந்தக் கணவரைக் கொல்கிறான். ரயில் விபத்து என்று காட்டினால் இரட்டைப் பணம். டிடக்டிபிள், கோபே (நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்குகள்) என்று என் கணவர் சொல்லிக்கொடுத்தபோது மண்டையில் ஏறாத இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரியாக வரும் எட்வர்ட் ஜி. ராபின்சன் தற்கொலைப் புள்ளிவிவரத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் காட்சியில் சுவாரசியமாகிவிட்டது. இந்த நாட்டில் மனிதனைச் சுற்றி எவ்வளவு காகிதம்!

அதே படத்தில் ஏஜென்டும் அந்தப் பெண்ணும் முதல்முறை பேசிக்கொள்வது முழுக்கப் போக்குவரத்து விதி பாஷையில். இந்த மாநிலத்தில் வேக வரம்பு 45 மைல் என்கிறாள். நான் எவ்வளவு வேகத்தில் வந்தேன் என்று அவன் கேட்க, தொண்ணூறு இருக்கும் என்கிறாள். அப்போது நான் டிஎம்வி எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேக வரம்பை வைத்து இப்படிச் சரசம் பண்ணலாம் என்பது கையேட்டில் இல்லை. 1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதி கடுமையாக இருந்தது. கட்டில் சமாச்சாரத்தைக் காட்டக் கூடாது, குற்றவாளி தப்பக் கூடாது. நம் ஆட்கள் இரண்டு பூவை உரசவிட்டார்கள் என்றால், இவர்கள் வசனத்தையும் சிகரெட்டையும் வைத்துச் சமாளித்தார்கள். எனக்கு இவர்கள் வழிதான் ஒரு படி மேல்.

ஆனால் என்னை அந்தக் கொட்டகைக்குத் திரும்பத் திரும்ப இழுத்தது படத்தை எடுத்தவரின் கதை. பில்லி வைல்டர் இந்த ஊர்க்காரர் இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் 1933இல் பெர்லினை விட்டு பாரிஸ், மறு வருடம் அமெரிக்கா. ஆங்கிலம் அரைகுறை. நிரந்தரமாகத் தங்க விசா வேண்டுமென்றால் நாட்டுக்கு வெளியே போய்த் திரும்ப வேண்டும். அதற்காக மெக்சிகோவின் மெக்சிகாலியில் தூதரக அதிகாரி முன் நின்றார். கையில் போதுமான காகிதம் இல்லை. என்ன வேலை செய்கிறாய் என்று அதிகாரி கேட்டார். சினிமாவுக்கு எழுதுகிறேன் என்றார். அதிகாரி யோசித்துவிட்டு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, நல்லதாக எழுது என்று சொல்லி அனுப்பினாராம். 1988இல் ஆஸ்கர் மேடையில் வைல்டரே சொன்னது இது. ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விசா வரிசையில் நின்ற யாருக்கும் இதைக் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்யும்.

அவர் மட்டுமல்ல. ஃபிரிட்ஸ் லாங், ஓட்டோ பிரெமிங்கர், ராபர்ட் சியோட்மாக், எட்கர் உல்மர் என்று நுவாரின் பெரிய இயக்குநர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். விளக்கை அணைத்து அணைத்தே ஒளிப்பதிவு செய்த ஜான் ஆல்டன் பிறந்தது ஹங்கேரியில். சுற்றுலா அட்டையில் வெயிலும் பனை மரமுமாக இருக்கும் கலிபோர்னியாவில் இவர்கள் கண்ணில் இருட்டுதான் பட்டது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஆள்கூட நடக்காத எங்கள் அபார்ட்மென்ட் தெருவைப் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் எல்லாரும் கோல்டன் கேட் பாலத்துக்குக் கூட்டிப்போவார்கள். நான் அதோடு சான் ஃபிரான்சிஸ்கோவின் டெலிகிராஃப் குன்றில் இருக்கும் ஃபில்பர்ட் படிகளையும் சேர்த்துக்கொண்டேன். 1947இல் வந்த 'டார்க் பேசேஜ்' படத்தில் நடிகை லாரன் பக்கால் குடியிருக்கும் கட்டடம் மான்ட்கோமெரி தெருவில் இன்னும் அப்படியே நிற்கிறது. மாமியார் மட்டும் பாதிப் படியில் உட்கார்ந்து, "வீட்ட வெளிய நின்னு பார்க்கவா இவ்ளோ தூரம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

வேலை அனுமதி வந்த பிறகு கொட்டகைக்குப் போவது குறைந்துவிட்டது. பதிலுக்கு எப்போதாவது வீட்டிலேயே தோழிகளைக் கூப்பிட்டுப் போடுகிறேன். புதியவர்களுக்கு உல்மரின் 'டீடூர்' (1945) சரியான தொடக்கம். எழுபது நிமிடம்கூட இல்லை, காப்புரிமை இல்லாததால் இணையத்தில் இலவசம், செலவே செய்யாமல் எடுத்தது என்று பார்த்தாலே தெரியும். லிஃப்ட் கேட்டு ஏறிய ஒருவன், வண்டி கொடுத்தவர் வழியில் இறந்துபோனதும், போலீஸ் தன்னை நம்பாது என்று பயந்து அவர் பெயரையே எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலீஸ் போகிறான். "நேரா போலீஸ்ட்ட போயிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றாள் இங்கேயே பிறந்த பக்கத்து வீட்டுப் பெண். விசாவில் இருக்கும் நாங்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.